நெல் நனைந்த வீட்டில் பிரார்த்தனை: கேட்பதும் நம்புவதும்

தை மாதம் சம்பா அறுவடைக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டால் காவிரி டெல்டா வீடுகளில் என்ன நடக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து முளைவிடும். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறது என்று திருப்பி அனுப்புவார்கள். அன்றிரவு வீட்டில் இரண்டு பேச்சு எழும். "இத்தனை வருஷம் சாமி கும்பிட்டு என்ன கண்டோம்?" என்பது ஒன்று. "எல்லாம் அவன் பாத்துப்பான், பொலம்பாத" என்பது இன்னொன்று.

முதல் பேச்சு நம்பிக்கையின்மை, இரண்டாவது நம்பிக்கை என்றே பலரும் நினைக்கிறார்கள். இந்த மண்ணின் பிரார்த்தனை மரபை எடுத்துப் பார்த்தால் அப்படி இல்லை. புலம்பல் பிரார்த்தனைக்கு வெளியே நிற்பதில்லை, அதன் முதல் பகுதியே அதுதான். புலம்பாதே என்று வாயை அடைப்பவர், அறியாமல், பிரார்த்தனையையே பாதியில் நிறுத்துகிறார். இதை விளங்கிக்கொள்ள நான்கு சொற்களில் இருந்து தொடங்க வேண்டும்.

## நான்கு சொற்கள், நான்கு பொருள்

1. முறையீடு: பட்ட துன்பத்தைக் கடவுளிடம் சொல்வது. "ஏன்?", "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்பதும் இதில் அடக்கம்.
2. வேண்டுதல்: குறிப்பாக ஒன்றைக் கேட்பது. மழை நிற்க வேண்டும், காய்ச்சல் இறங்க வேண்டும், கடனுக்குத் தவணை கிடைக்க வேண்டும்.
3. நேர்த்திக்கடன்: கேட்டது நடந்தால் இன்னது செய்கிறேன் என்று நேர்ந்துகொள்வது. மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து சாமி படத்தடியில் வைப்பதில் இருந்து பால்குடம், முடியிறக்குதல், மெழுகுவத்தி, நாகூர் தர்காவில் போர்வை சாத்துவது வரை எல்லாம் இதற்குள் வரும்.
4. நம்பிக்கை: இதுதான் அதிகம் குழப்பிக்கொள்ளப்படுகிற சொல். "நடக்கும்" என்ற உறுதிக்கும் இதே சொல், "நடந்தாலும் நடக்காவிட்டாலும் உன்னை விடமாட்டேன்" என்ற பிடிப்புக்கும் இதே சொல். துன்பத்தில் நெடுநாள் தாங்குவது இரண்டாவதுதான். முதலாவது, கேட்டது நடக்காத அன்றே உடைந்துவிடும்.

நான்கையும் ஒன்றாகக் கலந்துவிடும்போதுதான் சிக்கல். நேர்த்திக்கடன் மட்டுமே பிரார்த்தனை என்று நினைப்பவருக்கு அது கொடுக்கல் வாங்கல் ஆகிறது. நம்பிக்கை என்றால் உறுதி என்று நினைப்பவர், பயிர் போனதும் தன் பக்தியில்தான் குறை என்று தன்னையே குத்திக்கொள்கிறார்.

## ஆவடுதுறைப் பதிகம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது

பிரார்த்தனையின் பாகங்களைப் பிரித்துக் காட்ட இதைவிடத் தெளிவான பாட்டு கிடைப்பது அரிது. மயிலாடுதுறை மாவட்டத்துத் திருவாவடுதுறையில் திருஞானசம்பந்தர் பாடியது. மூன்றாம் திருமுறையில் 4-ஆம் பதிகம். அவருடைய தந்தை வேள்வி செய்யப் பொருள் கேட்கிறார்; பிள்ளையிடம் காசு இல்லை. கொடுக்க வேண்டிய இடத்தில் கையில் ஒன்றுமில்லாமல் நிற்கும் சங்கடம், அவ்வளவுதான் பின்னணி.

> இடரினும் தளரினும் எனதுறுநோய்
> தொடரினும் உனகழல் தொழுதெழுவேன்
> கடல்தனில் அமுதொடு கலந்தநஞ்சை
> மிடறினில் அடக்கிய வேதியனே
> இதுவோஎமை ஆளுமாறு ஈவதொன்று எமக்கில்லையேல்
> அதுவோஉனது இன்னருள் ஆவடுதுறை அரனே

ஆறு அடிகள், மூன்று வேலைகள். முதல் இரண்டு அடிகள் பிடிப்பைச் சொல்கின்றன: இடர் வந்தாலும், தளர்ந்தாலும், நோய் விடாமல் தொடர்ந்தாலும் உன் காலைத் தொழுது எழுவேன். அடுத்த இரண்டு அடிகள் கடவுள் முன்பு செய்ததை நினைவுகூர்கின்றன: உலகத்தை அழிக்க வந்த நஞ்சைத் தொண்டையில் அடக்கிக்கொண்டவன் நீ. கடைசி இரண்டு அடிகள் நேரடியான கேள்வி: இதுதானா நீ எங்களை ஆளும் அழகு? எங்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை என்றால், அதுதானா உன் இனிய அருள்?

கவனிக்க வேண்டியது, அந்தக் கேள்வி ஒருமுறை கேட்டு விடப்படவில்லை. பத்துப் பாடல்களிலும் அதே இரண்டு அடிகள் திரும்ப வருகின்றன. நான்கடிப் பாட்டின் மேல் இரண்டு அடிகளை வைத்துப் பாடும் இந்த வடிவத்துக்கு நாலடிமேல் வைப்பு என்று பெயர். துன்பத்தின் பெயர் மட்டும் பாட்டுக்குப் பாட்டு மாறுகிறது. வாழ்வு, சாவு, நனவு, கனவு, கை தளர்தல், காய்ச்சல், பசி, பித்து மயக்கம் வரை வரிசையாக வருகின்றன. பிடிப்பும் குறையவில்லை, கேள்வியும் குறையவில்லை. இரண்டும் ஒரே மூச்சில் வருவதுதான் இந்தப் பதிகத்தின் பலம். கேள்வி கேட்டால் பக்தி குறைந்துவிடும் என்ற பயம் சம்பந்தருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பலிபீடத்தில் ஆயிரம் பொன் கொண்ட கிழி வைக்கப்பட்டது என்று பெரியபுராணம் சொல்கிறது.

திருவாரூரில் சுந்தரர் இன்னும் கடுமையாகப் பேசுகிறார். பார்வை இழந்து, ஒரு கண் இன்னும் தெரியாமல் வந்து நிற்கிறார். அடியார்கள் தங்கள் அல்லலைச் சொன்னால் நீங்கள் சும்மா இருந்துவிடுவீர், "வாழ்ந்து போதீரே" என்கிறார். ஊர்ப்பேச்சில் சொன்னால், "நல்லா இருங்க சாமி" என்று மனம் வெந்து சொல்வது. தேவாரத்தில் அதையும் சேர்த்துத்தான் தொகுத்து வைத்தார்கள். கோயிலில் அதையும்தான் ஓதுகிறார்கள்.

## வேளாங்கண்ணியிலும் நாகூரிலும் இதே முறை

விவிலியத்தின் 13-ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்குமுறை வருகிறது. அடுத்த இரண்டில் வேண்டுதல். கடைசி இரண்டில் உம் கிருபையை நம்பியிருக்கிறேன் என்ற பிடிப்பு. வரிசைதான் மாறியிருக்கிறது, பாகங்கள் அவையே. 88-ஆம் சங்கீதமோ ஆறுதல் வரி எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. விவிலியத்தின் ஆபகூக் நூலில் மூன்றாம் அதிகாரம் டெல்டாக்காரருக்கு இன்னும் நெருக்கம். வயல் தானியம் தராமல் போனாலும், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறது. விளைச்சல் வரும் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை.

குர்ஆனில் யாக்கூப் நபி, மகன் யூசுபை இழந்த துயரத்தில் கண் வெளுத்துப்போகும் அளவுக்கு வருந்துகிறார். அவரே "அழகிய பொறுமை" என்றும் சொல்கிறார். "என் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன்" என்றும் சொல்கிறார். பொறுமை என்பது வாய் மூடிக்கிடப்பது அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தவக்குல் எனப்படும் இறைச்சார்புக்கு நபிமொழி தரும் விளக்கமும் அப்படித்தான்: ஒட்டகத்தை முதலில் கட்டு, பிறகு அல்லாஹ்வை நம்பு.

## எப்படிச் செய்வது: ஆறு படி

மேலே பார்த்த பாகங்களை வீட்டுப் பிரார்த்தனையாக மாற்றினால் இப்படி அமையும். எந்த மதத்தாரும் தங்கள் வேதத்தை வைத்துச் செய்யலாம். மொத்தம் 15 முதல் 20 நிமிடம் போதும்.

1. நேரத்தைக் கட்டுங்கள். விளக்கேற்றும் நேரமோ, அதிகாலை சுபுஹ் தொழுகைக்குப் பின்போ, இரவுச் செபமாலை நேரமோ, ஒன்றை முடிவுசெய்து அதையே பிடியுங்கள். கவலைக்கு நேரம் காலம் கிடையாது. இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிடும். சொல்லித் தீர்க்க ஒரு நேரம் உண்டு என்று மனதுக்குத் தெரிந்தால், மற்ற நேரத்தில் அது கொஞ்சம் அடங்கும்.

2. குறையைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "கஷ்டம் தீரணும்" என்பது போதாது. "ஆறு மா நெல்லு முளைச்சுப் போச்சு. சொசைட்டி கடன் நிக்குது. வைகாசியில பொண்ணு கல்யாணம்." இப்படி வாய்விட்டு. பெயர் இல்லாத துன்பம் வீடு முழுக்கப் பரவி நிற்கும். எண்ணிச் சொன்னால் மூன்றோ நான்கோதான் என்று தெரியும்.

3. முன்பு தாங்கிய ஒன்றை நினையுங்கள். சம்பந்தர் நஞ்சுண்டதை நினைத்த இடம் இது. 2004 டிசம்பர் 26-ல் கடல் ஏறி வந்ததையும், 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் தென்னையை வேரோடு சாய்த்ததையும் தாண்டி வந்த வீடுகள் இங்கே எத்தனையோ. அன்று யார் சோறு கொண்டுவந்தார், யார் மூலம் வழி பிறந்தது என்று ஒன்றையாவது குறிப்பாக நினையுங்கள். பொதுவாக "கடவுள் நல்லவர்" என்று சொல்வதால் இந்தப் படியின் பலன் கிடைக்காது.

4. ஒன்றைக் கேளுங்கள், அளவாகக் கேளுங்கள். திருவீழிமிழலையில் பஞ்ச காலம். அடியார்களுக்குச் சோறிடச் சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாள்தோறும் ஒரு காசு கிடைத்தது. சம்பந்தருக்குக் கிடைத்த காசு மாற்றும்போது வட்டம், அதாவது மதிப்பில் கழிவு, பிடித்தது. அவர் என்ன கேட்டார்? பஞ்சம் ஒழிய வேண்டும் என்று பாடவில்லை. "வாசி தீரவே காசு நல்குவீர்" என்றார். வட்டம் இல்லாத காசு கொடு, அவ்வளவே. இன்றைக்கு அடுப்பெரியத் தடையாக இருப்பது எதுவோ அதைக் கேட்டார். பெரிய வேண்டுதல் தவறில்லை. ஆனால் தினம் கேட்பதற்கு, அன்றன்றைக்கு உரியது வேண்டும். கேட்டது நாளை மங்கிப்போகாமல் இருக்க ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

5. சொந்தச் சொல் வராதபோது பாட்டைக் கடன் வாங்குங்கள். துக்கத்தில் நா எழாது. அதற்காகத்தான் பதிகமும் சங்கீதமும் துஆவும் இருக்கின்றன. ஒரு பதிகம் பதினொரு பாடல். நிதானமாக வாய்விட்டுச் சொன்னால் பத்து நிமிடம் போலத்தான் ஆகும். முடியாத நாளில் ஒரு பாட்டு, அதுவும் முடியாவிட்டால் ஒரு வரி. சத்தமாகச் சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் நான்காவது வரியிலேயே கடன் கணக்கு உள்ளே நுழைந்துவிடும்.

6. எழுந்து ஒரு வேலை செய்யுங்கள். பதிகத்தின் சொல் "தொழுதெழுவேன்". தொழுவது, எழுவது, இரண்டும் அதில் இருக்கின்றன. பயிர்க் காப்பீடு செய்தவர், அறுத்து வயலில் காயப்போட்ட பயிர் மழையில் சேதம் என்றால் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். தவறினால் இழப்பீடு கேட்பதே சிக்கலாகிவிடும். அன்றைய பிரார்த்தனையின் ஆறாவது படி அந்தத் தொலைபேசி அழைப்புதான். இன்னொரு நாள் அது வங்கிக்குப் போய்த் தவணை கேட்பதாக இருக்கும். வேறொரு நாள், ஈர நெல்லைச் சாலையோரம் பரப்பிக் கிளறுவதாக இருக்கும்.

## மற்றவருக்காக வேண்டுவது

துன்பப்படுகிறவரிடம் அறிவுரை சொல்வதைவிட அவர் சொல்லை வாங்கிக் கடவுளிடம் சொல்வது பயன் தரும். திருமருகல் பதிகம் இதற்கு இலக்கணம். உடன் வந்த வணிகன் பாம்பு தீண்டி இறந்துபோக, ஆதரவற்று அழும் பெண்ணுக்காகச் சம்பந்தர் பாடுகிறார்: "சடையாய் எனுமால், சரண்நீ எனுமால்..." என்று தொடங்குகிறது. அவள் என்ன சொல்லி அழுகிறாள் என்பதை அப்படியே எடுத்துச் சொல்கிறார். பிறகு கடவுளைப் பார்த்து, "தகுமோ இவள்உள் மெலிவே" என்கிறார். உனக்கு இது தகுமா என்று கேள்வி கடவுளிடம் போகிறதே தவிர, நீ என்ன பாவம் செய்தாய் என்று அவளிடம் போகவில்லை. இழவு வீட்டுக்கும் நோயாளி வீட்டுக்கும் போகிறவர்கள் இந்த ஒரு வேறுபாட்டைக் கடைப்பிடித்தாலே பெரிய உதவி.

சமயபுரத்தில் இதன் இன்னொரு வடிவம் உண்டு. மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் மாரியம்மன் பச்சைப்பட்டினி விரதம் இருக்கிறாள். வழக்கமாகச் சமைத்துப் படைக்கும் தளிகை நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் போன்றவைதான். பக்தருக்காகத் தெய்வமே பட்டினி கிடக்கிறது என்ற எண்ணம், துன்பத்தில் தனியாக விடப்படவில்லை என்பதை வயிற்றால் உணரவைக்கிறது.

## எங்கே தவறுகிறது, ஏன்

கைக்கு மீறிய நேர்த்திக்கடன். பயத்தின் உச்சத்தில் நேர்ந்துகொள்வதால் அளவு தெரியாமல் போகிறது. கடன் தீர வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, அதை நிறைவேற்ற வட்டிக்கு வாங்கும் நிலை வரக்கூடாது. அன்றைக்குக் கையில் இருப்பதைக் கொண்டு முடியக்கூடியதை மட்டும் நேர்ந்துகொள்ளுங்கள். இன்னொருவர் பணத்தையோ உடம்பையோ அவரைக் கேட்காமல் நேராதீர்கள். ஏற்கெனவே பெரிதாக நேர்ந்துவிட்டீர்கள் என்றால், காசு முடிந்து வைத்து, வசதி வரும்போது செய்கிறேன் என்று சொல்லிக்கொள்வது ஊர் வழக்கம்தான். அதில் தெய்வக்குத்தம் ஏதுமில்லை.

மருந்தை நிறுத்துவது. புள்ளிருக்குவேளூர் என்ற வைத்தீஸ்வரன்கோயிலில் சுவாமிக்குப் பெயரே வைத்தியநாதர். அங்கே தன்வந்திரிக்கும் சன்னதி உண்டு. மருத்துவத்தையும் வழிபாட்டையும் எதிரெதிராக நிறுத்துவது அந்தக் கோயிலின் பொருளுக்கே விரோதம். அங்கே பிரசாதமாகத் தரும் திருச்சாந்துருண்டையை வாங்கிக்கொள்ளுங்கள், சர்க்கரை மாத்திரையையும் விடாதீர்கள். திருமருகலிலும் திங்களூரிலும் விஷம் இறங்கிய வரலாறு உண்டு என்பதற்காகப் பாம்பு கடித்தவரைக் கோயில் வாசலில் கிடத்தக்கூடாது. கடித்த இடத்தைக் கீறாமல், இறுகக் கட்டாமல், அசைக்காமல், 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பதிகத்தை வண்டியில் சொல்லலாம்.

"நம்ம பாவம்தான்" என்ற தீர்ப்பு. அப்பரின் முதல் பதிகம் சூலைநோயின் கொடுமையில் பிறந்தது. "கொடுமைபல செய்தன நான்அறியேன்" என்று முதல் அடியிலேயே சொல்லிவிட்டு, வலியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார். என்ன தவறு செய்தோம் என்ற கணக்கை முடித்த பிறகு உதவி கேட்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. அணை திறக்கும் தேதியும் வங்கக்கடல் தாழ்வுமண்டலமும் ஒரு குடும்பத்தின் பாவத்தைப் பார்த்து வருவதில்லை.

பயத்தை ஏற்றி விலை சொல்பவர்கள். அடையாளம் எளிது. முதலில் தோஷம் ஒன்றைச் சொல்வார்கள். பிறகு கெடு வைப்பார்கள். பிறகு தொகை. இந்த மூன்றும் இந்த வரிசையில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வேதாரண்யத்தில் சம்பந்தர் பாடிய கோளறு பதிகம், நாளும் கோளும் அடியாரை நலியா என்றுதான் சொல்கிறது. அதைப் பாடக் கட்டணம் இல்லை.

மனம் மரத்துப்போவது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிரார்த்தனையில் உட்கார்ந்தாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை, செத்துப்போகலாம் என்ற நினைவு திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அது பக்திக் குறைவு அல்ல. மருத்துவம் பார்க்க வேண்டிய நிலை. 104 என்ற எண்ணிலோ 14416 என்ற எண்ணிலோ தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அன்றைக்கே அடுத்த வீட்டில் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். இதைச் செய்கிறவர் அந்த வீட்டுக்குச் செய்யும் வழிபாடு அது.

## கேட்டது கிடைக்காதபோது

இதுதான் எல்லோரும் கேட்கத் தயங்கும் கேள்வி. டெல்டாவில் இதற்குப் பதில் சொல்லும் ஊர் திருவையாறு.

அப்பர் கயிலையைப் பார்க்க ஆசைப்பட்டார். முதுமையில் வடக்கே நடந்தார். கால் தேய்ந்தபின் கையால் ஊர்ந்தார், மார்பால் நகர்ந்தார், புரண்டார் என்று பெரியபுராணம் விவரிக்கிறது. கயிலை கிடைக்கவில்லை. அங்கிருந்த ஒரு பொய்கையில் மூழ்கச் சொல்லப்பட்டார். எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். இதை ஏமாற்றம் என்றும் சொல்லியிருக்கலாம். கேட்டது மலை, கிடைத்தது புறப்பட்ட சோழநாடே.

அவர் வேண்டுதலைக் கைவிட்டார் என்று சொல்ல முடியாது. கடைசிவரை கயிலையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டதைவிட்டுக் கண்ணை எடுக்காதவருக்குத்தான் கிடைத்தது என்ன என்று அடையாளம் தெரிந்தது என்றே அந்தப் பதிகத்தைப் படிக்கத் தோன்றுகிறது. "மாதர்ப் பிறைக்கண்ணி யானை" என்று தொடங்குகிறது. ஒவ்வொரு பாட்டிலும் ஒரு சோடி உயிர்கள் எதிரே வருகின்றன. முதலில் பிடியும் களிறும். அடுத்து கோழியும் பெடையும். பிறகு குயில், மயில், நாரை, கிளி, கடைசியில் பசுவும் காளையும். பாட்டுக்குப் பாட்டு "கண்டேன் அவர் திருப்பாதம், கண்டறியாதன கண்டேன்" என்று முடிகிறது.

ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று ஐயாறப்பர் கோயிலில் இந்தக் கயிலைக் காட்சி விழா நடக்கிறது. காவிரியில் தண்ணீர் வந்த ஆண்டிலும் நடக்கும், வராத ஆண்டிலும் நடக்கும். அன்று ஓதுவது இந்தப் பதிகத்தைத்தான். அதில் வரும் கோழியும் நாரையும் கிளியும் காளையும், கோயிலைவிட்டு வெளியே வந்து வயல் பக்கம் நடந்தால் எதிரே வருகிறவைதான்.